இடது செட்டை வீட்டுக்கு வந்த நாள்

1

இன்று யூலை முதலாம் திகதி. மொன்ட்ரியாலில் இது வீடு மாறுகிற நாள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது. முப்பது வருஷமாக இங்கே இருக்கிற எனக்கே முழுக்க விளங்கவில்லை. வாடகை வீட்டு ஒப்பந்தமெல்லாம் யூன் முப்பதோடு முடிகிற மாதிரி யாரோ ஒரு காலத்தில் பழக்கிவிட்டார்கள். அதனால் முழு நகரமும் ஒரே நாளில், ஒரே வெயிலில், கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறது. இந்த நாளுக்கு வாடகை லொறி வேண்டுமென்றால் மாசி மாதமே சொல்லிவைக்க வேண்டும், கலியாண மண்டபம் பிடிக்கிற மாதிரி.

எங்கள் லாசால் தெருவில் காலை எட்டு மணிக்கே மெத்தைகள் வாசலுக்கு வந்துவிட்டன. தேவையில்லாத சாமானெல்லாம் நடைபாதையில் கிடக்கும். விரும்பினவர்கள் எடுக்கலாம். நான் தொடவே மாட்டேன், மூட்டைப்பூச்சி பயம். எங்கள் மேல்வீட்டுக்கும் ஒரு புதுச் சோடி வருகிறது. சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்த பிள்ளைகள். அந்தப் பெண் பிள்ளை பெட்டியோடு கார் விடுகிற கராச்சின் வாசலைக் கடந்தபோது நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அது என்னது? ஏரோப்ளேன் மாதிரி இருக்கு!"

"பிளேன்தான் பிள்ளை" என்றேன்.

"நிஜமாவா? யாரோடது?"

வாசலில் கதிரையில் இருந்த என் கணவரைக் காட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், ஆடிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள், "சூப்பர் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அவர் கதைத்தே இப்போது கன நாளாகிறது.

அந்தச் சாமான் எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒரு வருஷம். அதனால்தான் எழுதுகிறேன்.

2

என் கணவர் ஜெறோம் மன்னார், மீன்பிடி ஊரான பேசாலைக்காரர். நான் ரெஜினா, குருநகர். ஒரு கார்டெரியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், சமைக்கிறேன். இவர் விமானப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருஷம் ரிவெட் அடித்தார். அலுமினியத் தகட்டை உள்ளே இருக்கிற எலும்போடு சேர்த்து இறுக்குகிற சின்ன ஆணிதான் ரிவெட்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு நாள் வேலையால் வந்து சாப்பிட இருந்தவர் சொன்னார்:

"ரெஜி, நான் ஒரு பிளேன் செய்யப்போறன்."

"கறி ஆறுது, சாப்பிடுங்கோ."

பகிடி என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்தில் முதற்பெட்டி வந்தது. இரண்டு பேர் இருந்து போகிற சின்ன விமானம். பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். தகடு, எலும்பு, ஆயிரக்கணக்கில் ஆணி, ஒரு தலையணைத் தடிப்பில் புத்தகம். நாங்களே செய்ய வேண்டும். செட்டையை, அதுதான் இறக்கையை, மூடுவதற்கு முன்னர் பரிசோதகர் ஒருவர் வந்து உள்ளே பார்ப்பார். அவர் சரியென்றால் மூடலாம். இந்த நாட்டில் வீட்டு வேலி ஒன்று போடப் பத்திரம் கேட்கிறார்கள், பிளேன் செய்ய விடுகிறார்கள். என்னத்தைச் சொல்ல.

ஆற்றுக்கு அங்கால், புல்வெளியில் சின்ன விமானங்கள் இறங்குகிற ஓரிடத்தில், ஒரு கிழவனாரின் களஞ்சியத்தில் பாதியை வாடகைக்கு எடுத்தார். சனிக்கிழமை தோறும் நானும் போனேன். ஏனென்றால் ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் காற்றில் ஓடுகிற மெஷினால் அடிப்பார். உள்ளே மற்றவர் கையை விட்டு, ஆணியின் பின்பக்கத்தில் ஓர் இரும்புக்கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் நசிந்து பிடிக்கும். கட்டை பிடிக்கிற ஆள் நான்.

இடையில் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காதில் சத்தம் கேட்காமல் மூடி போட்டிருப்போம். அதனால் தட்டித்தான் கதைக்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்கிறவள் நானென்பதால் தட்டுவதும் நான். ஒரு தட்டு என்றால் காணாது, இன்னும் அடி. இரண்டு என்றால் சரி, அடுத்ததற்குப் போ. மூன்று என்றால் பழுது, கழட்டு. தொழிற்சாலையிலும் அப்படித்தானாம். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் சொன்னதையெல்லாம் மனுஷன் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்தத் தகட்டுக்குப் பின்னால் நின்றபோதுதான்.

ஏன் இந்த விசர் வேலை என்று நான் கேட்காத நாளில்லை. ஒரே ஒரு நாள் மறுமொழி சொன்னார். அவருக்கு எமில் என்று ஒரு தம்பி. குண்டு போடுகிற பொம்பர் வந்த ஒரு நாள், பதுங்குகிற பங்கருக்குள் எல்லோரும் இருக்க, கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க வெளியே ஓடினவன். ஒன்பது வயது. அவ்வளவுதான், பிறகு அவன் இல்லை.

"மேலயிருந்து ஓட்டினவனுக்கு ஒரு சின்னப் பெடியன் ஓடுறது தெரிஞ்சிருக்குமோ, தெரியாதோ? அதைப் பாக்கவேணும் ரெஜி."

"அதுக்குக் காசு குடுத்தா ஒரு சுத்துக் கூட்டிக்கொண்டு போவாங்கள்தானே?"

"மற்றவன் ஓட்ட நான் யன்னலாலை பாக்கிறது வேற. ஓட்டுறவனுக்குத் தெரியுமோ எண்டுதான் எனக்கு வேணும்."

அதற்குப் பிறகு நான் ஏனென்று கேட்டதில்லை. கட்டையைப் பிடித்தேன்.

3

எங்கள் மாதா கோவில் ஆட்களிடம் இவர் உண்மை சொல்லவில்லை. வள்ளம் செய்கிறேன் என்று சொல்லிவைத்தார். பேசாலையான் வள்ளம் செய்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? ஒரு தமிழன் பிளேன் செய்கிறான் என்றால் கதை எங்கே போய் நிற்குமென்று சொல்லேலாது. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, "வள்ளம் எப்ப தண்ணியிலை இறங்குது ஜெறோம்?" என்று கேட்பார்கள். "வாற வருஷம்" என்பார். பதினொரு வருஷமாக வாற வருஷம்தான். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தரம் சுவாமியாரிடம் சொல்லியும் விட்டேன், அவருக்குச் சிரிப்பு.

வலது செட்டை முடிந்து மூடியாகிவிட்டது. இடது செட்டையையும் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டார். மேல்தகட்டை மூடி அடிக்கிற வேலை மட்டும் மிச்சம். அந்தப் பனி மாரியில்தான் இவருடைய வலது பெருவிரல் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது.

பார்க்கின்சன் வருத்தம். பெரிய டொக்டர் நல்ல மனுஷி. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாள். இவர் தன் பிரெஞ்சில் "பிளேன் செய்யிறன்" என்றார். அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இவரை வெளியே இருத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள், இல்லாத சாமான்கள் இவருக்கு வேறெதுவும் தெரிகிறதா என்று. இந்த வருத்தத்துக்குக் குடிக்கிற மருந்து சில பேருக்கு அப்படிச் செய்யுமாம். "இல்லை டொக்டர், பிளேன் உண்மையா இருக்கு" என்று நான் சத்தியம் பண்ணாத குறை. ஃபோனில் படத்தைக் காட்டின பிறகுதான் நம்பினாள். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க இரண்டு பேரும் சிரித்தோம். வந்து கதவைத் திறந்ததும் அழுதேன்.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாம் பிரெஞ்சு. முதலில் விமானம் ஓட்டப் பழக இவர் எடுத்திருந்த பத்திரம் பறிபோனது. அடுத்ததாகக் கார் லைசன்ஸ். ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பி, டொக்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப, அதே படிவம் வேறு நிறத்தில் திரும்பி வந்தது. பக்கம் முழுக்க எழுதியிருந்ததில் "சுஸ்பான்டு" என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. நிறுத்தியாச்சு என்று அர்த்தம்.

ஓட்டேலாத மனுஷனுக்குப் பிளேன் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"அடிச்சு முடிப்பம். நிக்கோ ஓட்டட்டும், நான் பக்கத்திலை இருந்து அவனைக் கேக்கிறன், கீழை ஆள் தெரியுதோ எண்டு."

நிக்கோ எங்கள் ஒரே மகன். அவனிடம் இதை அவர் கேட்கவேயில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

4

போன வருஷம் வைகாசியில் களஞ்சியக் கிழவனார் செத்துப்போனார். பிள்ளைகள் காணியை விற்றுவிட்டார்கள். யூலை முதல் வாரத்துக்குள் ஒரு நாள் சொல்லுங்கள், சாமானை எடுக்கலாம் என்று அவருடைய மகள் ஃபோன் பண்ணினாள். நான் கெட்டிக்காரி, யோசித்துப் பார்த்து யூலை முதலாம் திகதியைக் கேட்டு வாங்கினேன். லீவு நாள், தூக்குவதற்குக் கோவில் பெடியள் வருவார்கள் என்று. வாங்கின வீட்டில் பதினைந்து வருஷமாக அசையாமல் இருந்தால் இப்படித்தான். முழு மொன்ட்ரியாலும் லொறி தேடுகிற நாளை நானே வாயால் கேட்டு எடுத்தேன். அவள் "நிச்சயமாகவா, மதாம்?" என்று கேட்டாள். அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

பத்து இடத்துக்கு ஃபோன் அடித்த பிறகு பிடிபட்டது. ஒரு லொறியும் இல்லை. நாளை மாற்றக் கேட்டேன். அதற்குள் அவர்கள் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்கள். முதலாம் திகதி ஐந்து மணிக்குப் புதுச் சொந்தக்காரன் பூட்டை மாற்றுவான், அதற்குப் பிறகு உள்ளே கிடப்பது அவனுக்கு.

நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு லொறி நிக்கோவுடையது. அவன் மாசியிலேயே சொல்லிவைத்திருந்தான். ஏனென்றால் அதே நாளில் அவன் எங்கள் வீட்டைவிட்டுப் போகிறான். இருபத்தேழு வயது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிக்கிறான். மெலனி என்ற பிள்ளையோடு மொன்ட்ரியால்-நோரில் வீடு எடுத்திருந்தான். மொன்ட்ரியால் ஒரு தீவு, அதன் மற்ற முனை அது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் மறுமொழி சொல்கிற பிள்ளை. ஆனால் அன்றைக்குத் தமிழில் சொன்னான்.

"ஓம் அம்மா, மத்தியானம் பன்னிரண்டுக்கு லொறியைக் கொண்டுவந்து தாறன். நீங்களே ஓட்டுவீங்களா?"

"ஓட்டாம? கார்டெரியிலை அறுபது பிள்ளையளுக்குச் சமைக்கிறன், ஒரு லொறியை ஓட்டமாட்டனே?"

முதலாம் திகதி காலை ஆறரைக்கு லொறி எடுக்கிற இடத்தில் என் பேரையும் ஓட்டுநராகப் பதிய அவனோடு போனேன். வாசலில் இருந்து தெரு முனை வரைக்கும் வரிசை. கவுண்டரில் இருந்த பிள்ளை என்ன ஏற்றுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். கட்டில், அலுமாரி என்றான் நிக்கோ. நீங்கள் என்ன ஏற்றுகிறீர்கள் மதாம் என்றாள். "அன் அவியோன்" என்றேன். ஒரு பிளேன். அவள் தலை நிமிரவில்லை. தளபாடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

ஏழரைக்கு வீட்டு வாசலில் நிக்கோவின் சாமான் ஏறியது. இவர் இந்தக் கதிரையில்தான் இருந்தார். கட்டில் போனது, மேசை போனது, பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கின கிண்ணங்கள் ஒரு பெட்டியில் போயின. கடைசியாக நிக்கோ வந்து இவருடைய தோளில் கை வைத்தான்.

"அப்பா, சனிக்கிழமையளிலை வாறன். அந்த விங் நாங்க செய்வம். நான் மெஷின் பிடிக்கிறன், அம்மா பின்னால."

இவருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த வருத்தத்தில் முகத் தசையே அசையாது, மரத்துப்போன மாதிரி இருக்கும். அது அன்றைக்கு அசைந்தது.

5

பன்னிரண்டு என்றவன் இரண்டேகாலுக்கு வந்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவனுடைய புது வீட்டில் பழைய ஆட்கள் இன்னும் வெளியேறவில்லையாம், அவர்கள் போகிற வீட்டிலும் ஆட்கள் போகவில்லையாம். முழு நகரமும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. லொறித் திறப்பைத் தந்துவிட்டு மெலனியின் காரில் ஏறினான். தான் வரேலாது, அடுப்புப் பூட்ட ஆள் வருகிறது என்றான். பின்னால் திறந்து பார்த்தால் எறியச் சொன்ன அவனுடைய பழைய மெத்தை அப்படியே கிடந்தது. இறக்க நேரமில்லை.

இருபது அடி லொறி. மெர்சியே பாலத்தில் ஏறும்போது மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் இவர். பின்னால் காரில் அன்ரன் அண்ணையும் அவருடைய மச்சான்மார் இரண்டு பேரும். அன்ரன் அண்ணை எங்கள் கோவில் சபையில் மூத்தவர், மன்னார்தான். வள்ளம் தூக்க என்று கயிறும், போட்டு உருட்ட இரண்டு உருளைக் கட்டையும் கொண்டுவந்திருந்தார்.

களஞ்சியக் கதவைத் திறந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று பேரும் நின்றார்கள். விமானத்தின் உடம்பு நடுவில், வால் பூட்டாமல். சுவரோடு இரண்டு செட்டைகள், தொட்டிலில் நிறுத்தின மாதிரி.

"தங்கச்சி, இதென்ன? வள்ளத்துக்குச் செட்டையோ?"

"வள்ளமில்லை அண்ணை."

"தெரியுது."

அந்த மூன்று பேரும் பங்கருக்குள் கிடந்து வளர்ந்தவர்கள். மேலே சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஒரு கணம் கை நின்றுவிடுகிற ஆட்கள். அன்ரன் அண்ணை மெதுவாகக் கிட்டப் போய் வலது செட்டையில் உள்ளங்கையை வைத்தார். சூடா குளிரா என்று பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்.

"ஏன்டா ஜெறோம் எங்களுக்குச் சொல்லேல்லை?"

இவர் நிலத்தைப் பார்த்தார்.

"பறக்குமே தங்கச்சி?"

நான் இவரைப் பார்த்தேன். "ஓம் அண்ணை, பறக்கும். ஒரு தகடுதான் மிச்சம்" என்றேன்.

"அப்ப தூக்குங்கோடா, கவனமாய்" என்றார். மணி நாலு.

அந்த மூன்று பேரும் தூக்கின மாதிரி சொந்தப் பிள்ளையைக்கூடத் தூக்க மாட்டார்கள். உடம்பை ஏற்றி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தார்கள். வலது செட்டையைச் சுவரோடு கட்டினார்கள். திறந்து கிடந்த இடது செட்டைதான் பயம். அதன் எலும்பெல்லாம் வெளியே. நிக்கோ எறிய மறந்த மெத்தை அதற்கு உதவியது. அதன் மேல் வளர்த்தி, என்னுடைய இரண்டு பழைய சேலையால் சுற்றிக் கட்டினோம். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்க, பூட்டோடு ஆள் வந்துவிட்டான். எங்களைப் பார்த்துச் சிரித்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

6

வருகிற வழியில் நான் ஓட்டின ஆமை வேகத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். அடித்துவிட்டுப் போங்கள் என்று போனேன். மொன்ட்ரியால் தெருக் குழிகள் உங்களுக்குத் தெரியாது. மாரியில் உறைந்து வெடித்து, கோடை முழுக்க அப்படியே கிடக்கும். இவர் குழியைத் தூரத்திலேயே கண்டு முன்பலகையில் தட்டுவார். நான் பிரேக் பிடிப்பேன். ஒரு குழி இரண்டு பேருக்கும் தவறிவிட்டது. பின்னால் "டங்" என்று ஒரு சத்தம். என்னுடைய இடுப்பு எலும்பில் விழுந்த மாதிரி இருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் கதவைத் திறந்து பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. ஓர் எலும்பு வளையவில்லை. உருளைக் கட்டைதான் சரிந்து விழுந்திருக்கிறது. அன்ரன் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். எங்களுடைய கராச் நிலத்துக்குக் கீழே, சரிவில் இறங்க வேண்டும். உடம்பைக் கயிற்றில் பிடித்து, கரைவலை இழுக்கிற மாதிரி "ஏலேலோ" சொல்லி இறக்கினார்கள். இடது செட்டை அதன் பக்கத்தில். வலது செட்டைக்கு இடமில்லை. அதை நிக்கோவின் அறைக்குள் யன்னலால் கொடுத்து எடுத்து, காலையில் கட்டில் எடுத்த வெறும் இடத்தில் வைத்தோம். அளவெடுத்த மாதிரி இருந்தது. எனக்கு அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை.

எல்லோருக்கும் நண்டுக்கறி வைத்துச் சோறு போட்டேன். இவர் தன் கையால் சாப்பிட்டார், பாதி மடியில் சிந்தியது. ஒருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அந்த ஒரு நாள், உண்மையைச் சொல்கிறேன், முடிந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

7

சனிக்கிழமை வந்தது. இவர் ஆறு மணிக்கே எழும்பிக் கராச்சில் போய் இருந்தார். பதினொரு மணிக்கு நிக்கோ ஃபோன் அடித்தான், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறார்களாம். அடுத்த சனி மெலனியின் தகப்பனுடைய பிறந்தநாள். ஆவணி வந்ததும் பள்ளிக்கூடம் தொடங்குகிற ஆயத்தம். ஒரு தரம் வந்தார்கள் இரண்டு பேரும். பிளேனுக்கு முன்னால் இவரை நிறுத்திப் படம் எடுத்து, என் அப்பா என்று பிரெஞ்சில் எழுதி இணையத்தில் போட்டான். கன பேர் விரும்பினார்களாம். நேரமாகிவிட்டது, பேந்து வாறோம் என்று வெளிக்கிட்டார்கள். மெஷினை அவன் கையால் தொடவில்லை.

எனக்கு அவனில் கோபம். அவனில் பிழை சொல்லவும் ஏலாது. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பொம்பர் என்றால் என்ன, எமில் என்றால் யார்? நாங்களும் சொல்லி வளர்க்கவில்லை. வள்ளம் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி, வீட்டுக்குள்ளும் ஏதோ ஒன்றைச் சொல்லி மூடிவைத்தோம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் இவர் சொன்னார். குரலும் அப்போது நல்லாய்த் தாழ்ந்துவிட்டது, கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டும்.

"ரெஜி, கட்டையை எடும். நாங்கள் அடிப்பம்."

"உங்கட கை..."

"மருந்து குடிச்சு ஒரு மணித்தியாலம் கொஞ்சம் நிக்கும். அதுக்குள்ளை அடிக்கலாம்."

தகட்டை மூடினோம். காதுமூடியைப் போட்டோம். நான் பின்னால் குனிந்து, ஓட்டையால் கையை விட்டுக் கட்டையைப் பிடித்தேன். மெஷின் உறுமியது. முதல் ஆணி. டோர்ச்சை அடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சரிந்து, மடிந்து கிடந்தது. பதினொரு வருஷம் பிடித்தவள், எனக்குத் தெரியாதா? மூன்று தட்டவேண்டிய ஆணி.

நான் இரண்டு தட்டினேன்.

அடுத்தது. அதுவும் சரிவு. இரண்டு தட்டினேன். அடுத்ததில் மெஷின் வழுக்கித் தகட்டில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. இரண்டு தட்டினேன். மூடிக்குள்ளே என்னுடைய அழுகை எனக்கே பெரிதாய்க் கேட்டது. அப்படியே ஒரு வரிசை முழுக்க அடித்தோம். ஒன்றாவது சரியில்லை. எல்லாவற்றுக்கும் சரி, சரி, அடுத்தது போ என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் நின்றது. இவர் சுற்றிக்கொண்டு என்னுடைய பக்கத்துக்கு வந்தார். டோர்ச்சை வாங்கவில்லை. ஓட்டையால் கையை விட்டு, விரலால் அந்த வரிசையைத் தடவினார், ஒவ்வொன்றாய், கடைசி வரைக்கும். இருபத்துமூன்று வருஷம் அடித்த விரல். பிறகு கையை எடுத்து என்னுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அதில் மெதுவாக, ஆடுகிற விரலால், மூன்று தரம் தட்டினார்.

மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதன் பிறகு அவர் கராச்சுக்குள்ளே போனதில்லை.

8

மாரி முழுக்க ஒவ்வொரு சொல்லாய்க் குறைந்தது. இப்போது ஓம், இல்லை என்பதற்கே பாடு. நிக்கோ ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். "சா வா, அப்பா?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்பான். இவர் பார்த்துக்கொண்டிருப்பார். அன்ரன் அண்ணை பூசைக்குப் பிறகு ஒன்றும் கேட்பதில்லை. என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

இன்றைக்குப் பத்து மணிபோலப் பழைய இரும்பு பொறுக்குகிறவர்களின் வண்டி எங்கள் தெருவால் மெதுவாக வந்தது. இந்த நாளில் அவர்களுக்கு நல்ல வேட்டை. முதுகு நனைந்த ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், மேல்வீட்டுக்காரர் எறிந்த அடுப்பை ஏற்றிவிட்டுக் கராச்சைப் பார்த்தார். இறங்கி வந்தார்.

"பொன்ஜூர் மதாம். அது எறிகிறதா?"

கையால் காட்டியது இடது செட்டையை. அலுமினியம் என்று கண்டவுடன் தெரிந்திருக்கும். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பிரெஞ்சில் நல்லாய்ச் சொல்லத் தெரிந்த ஒரே சொல் அதுதான். ஆனாலும் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. சரிவுக்குக் கீழே, செட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன நேரம் பார்த்தார்.

பிறகு கை எழும்பியது. கதிரைக் கையில் ஒரு தட்டு.

ஒன்று என்றால் காணாது, இன்னும் அடி. ஒன்றோடு நில்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். மாதாவே, ஒன்றோடு நிற்கட்டும்.

இரண்டாவதும் தட்டினார்.

"ஓம்" என்றேன் அந்த மனிதருக்கு, தமிழில். விளங்கிவிட்டது. அவர் ஒரு முனையைப் பிடிக்க நான் மற்ற முனைக்குப் போனேன். எப்போதும் பிடிக்கிற அந்தப் பின்பக்கம்தான். சரிவில் ஏற்றி, அடுப்புக்கும் ஒரு பழைய சைக்கிளுக்கும் மேலே வைத்தோம். பாரமாய் இருக்கும் என்று காலை அகட்டி மூச்சுப் பிடித்துத் தூக்கினவர், தூக்கினவுடன் திகைத்து என்னைப் பார்த்தார்.

"மதாம், இதில் பாரமே இல்லையே!"

"பறக்கிறதுக்கெண்டு செய்தது, தம்பி" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லிவிட்டு ஏறினார்.